இரத்தக் கொதிப்பு: நோவு தெரியாத நோய்

"எனக்குக் கொதிப்பு நின்றுவிட்டது. தலை சுற்றலே இல்லை. மாத்திரையை விட்டுவிட்டேன்." தோட்டங்களில் இப்படிச் சொல்வோர் பலர். உண்மையில் கொதிப்பு நிற்கவில்லை. மாத்திரை அதை அடக்கி வைத்திருந்தது. மாத்திரையை விட்டால் அது மீண்டும் ஏறும். ஏறுவது நமக்குத் தெரியாது என்பதுதான் இந்நோயின் ஆபத்து.

புல்லுக்கு மருந்தடிக்கும் பம்பை நினைத்துப் பாருங்கள். அளவோடு அடித்தால் குழாய் நெடுநாள் உழைக்கும். எந்நேரமும் மிதமிஞ்சி அழுத்தினால், நைந்த இடத்தில் பிய்த்துக்கொள்ளும். நம் இரத்தக் குழாய்களும் அப்படியே. அதிக அழுத்தத்தால் மூளையில் குழாய் வெடித்தாலோ அடைத்தாலோ பக்கவாதம் வரும். இருதயமும் சிறுநீரகமும் கண்ணும் கூடக் கெடும்.

கிளினிக்கில் இரண்டு எண்கள் சொல்வார்கள். மேல் எண், இருதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம். கீழ் எண், அது ஓய்வு கொள்ளும்போது உள்ளது. வெவ்வேறு நாள்களில் அளந்தும் மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, அல்லது அதற்கும் மேல் இருந்தால், அது இரத்தக் கொதிப்பு. 2019-இல் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய ஆய்வில், பெரியவர்களில் 10 பேரில் 3 பேருக்கு இது இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

"வெயிலில் உழைக்கிறோம், வேர்வையில் உப்பு போய்விடுகிறதே" என்பார்கள். வேர்வைக்கு ஈடாக முதலில் வேண்டியது தண்ணீர். உப்பு நம் சாப்பாட்டிலேயே போதிய அளவு இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கருவாடு, நெத்திலி, ஊறுகாய், அப்பளம், கிச்சாப், மேகி மீயின் மசாலைப் பொட்டலம் ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

தாய்மார்களே, கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசுங்கள். மசாலைப் பொட்டலத்தில் பாதியை மட்டும் போடுங்கள். புளி, மிளகு, எலுமிச்சை இருந்தால் உப்புக் குறைந்தது நாக்குக்கு அவ்வளவாகத் தெரியாது. நோயாளிக்கென்று தனிச் சமையல் வேண்டாம். குடும்பத்துக்கே இது நல்லது. புகையையும் சம்சுவையும் விட்டொழிப்பது மிக நல்லது.

மாத்திரையைத் தினமும் ஒரே வேளையில் சாப்பிட வேண்டும். பெரட்டுக்குப் போகுமுன் தேத்தண்ணீர் குடிக்கும் நேரம் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஒரு நாள் மறந்தால் மறுநாள் இரண்டாகச் சாப்பிடாதீர்கள். பக்கத்து வீட்டு மாத்திரையும் ஆகாது. இருமலோ கால் வீக்கமோ கிறுகிறுப்போ வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு மாத்திரை தருவார். நீங்களாக நிறுத்தாதீர்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். மருந்தும் அதில் அடங்கும்.

ஒருவருக்குத் திடீரென வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கையோ காலோ தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். வாயில் எதையும் ஊற்றவும் வேண்டாம். உடனே 999-க்கு அழையுங்கள்.

நேயர்களே, உங்கள் வீட்டில் மாத்திரையைப் பாதியில் விட்டவர் யாரேனும் உண்டா? இந்த வாரமே அவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். கூடப் போகும் நீங்களும் கையை நீட்டி அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.