தோல்வியே இல்லாத விளையாட்டு



இரண்டரை வயசுக் குழந்தை கீபோர்டை விரலால் தட்டாது, உள்ளங்கையால் அறையும். ஏழெட்டு கீ ஒன்றாக விழும். என் மகளுக்கு நான் எழுதிய விளையாட்டில் எந்தக் கீ விழுந்தாலும் திரையில் பெரிய எழுத்து ஒன்று வரும், ஒரு சத்தம் கேட்கும். மார்க், வெற்றி, தோல்வி கிடையாது.

இதை எழுதுவது ஒரு சாயங்கால வேலை. தடுப்பதுதான் பெரும்பாடு! விண்டோஸ் கீ பட்டால் மெனு வந்து நிற்கும். ஷிஃப்டை ஐந்து தடவை தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ் வேணுமா?' என்று கேட்கும். ஆல்ட்டும் எஃப் 4-ம் சேர்ந்தால் ஆட்டமே மூடிவிடும். இவற்றைப் புரோகிராமிலேயே அடக்கிவிடலாம். கண்ட்ரோல்-ஆல்ட்-டெலிட்டை மட்டும் அடக்க முடியாது. 8085 லேபில் டிராப் இன்டரப்டை மறைக்க முடியாதுன்னு படிச்சோமே, அந்த ஜாதி!

திரை பளிச்பளிச்சென்று மின்னவும் கூடாது. வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னினால் சிலருக்கு வலிப்பே வரலாம்.

இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. ஆகவே பத்து நிமிஷத்தில் திரை தானாக மெல்ல இருண்டுவிடும். அதுவரை அவள் என் மடியில்தான். இருண்டதும், "அப்பா, தூங்கிடுச்சு" என்று இறங்கி ஓடிவிடுவாள்.