சொரியாசிஸ்: தொட்டால் ஒட்டாது, விட்டும் போகாது

(அக்டோபர் கடைசி ஞாயிறு மாலை நம் சமுதாயக் கூடத்தில், சி பிளாக் குடியிருப்பாளரான ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

பதினைந்து நிமிஷத்துக்கு மேல் பேசினால் போண்டா ஆறிவிடும் என்று செயலாளர் சார் முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார். பார்க்கலாம்.

என்னை அரைக்கைச் சட்டையில் இங்கே யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். இந்தக் குடியிருப்புக்கு வந்து 11 வருஷம் ஆகிறது. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். இன்று அரைக்கையில் வந்திருக்கிறேன். முழங்கையில் செதில் செதிலாக ஒரு திட்டு தெரிகிறதா? அதுதான் சொரியாசிஸ். 22 வருஷமாக என்னோடு இருக்கிறது.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், ஆகஸ்ட் மாதம் நம் குடியிருப்பில் வீட்டு வேலைக்கு வரும் ஒரு அம்மாவை, கையில் திட்டு இருக்கிறது என்று இரண்டு வீடுகளில் நிறுத்திவிட்டார்கள். வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு செய்தி வந்தது: தோல் வியாதி உள்ளவர்களை நீச்சல் குளத்தில் விடலாமா என்று. நான் அதைப் படித்தேன். பதில் எழுதவில்லை. அந்த அம்மாவுக்கும் எனக்கும் ஒரே நோய். அவருக்கு இரண்டு வீட்டுச் சம்பளம் போனது. எனக்கு எதுவும் போகவில்லை, என் சட்டைக் கை நீளம் என்பதால். அவரிடம் கேட்டு, "சொல்லுங்க சார்" என்று அவர் சம்மதித்த பிறகுதான் இங்கே பேசுகிறேன்.

முதலில், இது தொற்று நோயே இல்லை. கிருமியால் வருவதில்லை. கைகுலுக்கினால், ஒரே துண்டைப் பயன்படுத்தினால், ஒரே குளத்தில் குளித்தால், அவர் பிசைந்த மாவில் சப்பாத்தி சாப்பிட்டால், எதனாலும் ஒட்டாது. நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி தவறிப்போய்த் தோலையே விரட்டுகிறது. சாதாரணமாகத் தோலின் செல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் அதே வேலை நாலைந்து நாளில் நடக்கிறது. பழையது உதிர்வதற்குள் புதியது வந்து குவிவதால்தான் செதில். புத்தகத்தில் சிவப்புத் திட்டு என்று போட்டிருக்கும். நம் மாநிறத் தோலில் அது கருஞ்சிவப்பாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோதான் தெரியும். அதனால் பலர் படர்தாமரை என்று நினைத்து மாதக்கணக்கில் அந்த மருந்தைப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்த நோயைக் கண்டு ஒதுங்குவது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. ஐரோப்பாவிலேயே இதைத் தொழுநோயோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். வியன்னாவில் ஹெப்ரா என்ற மருத்துவர் 1841-ல்தான் இரண்டையும் தெளிவாகப் பிரித்தார். இந்தியாவில் நூறு பேரில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. நம் குடியிருப்பின் அளவுக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். நோய் வந்த மூன்றாம் வருஷம், "நிரந்தர குணம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு வெளியூர் போய் ஒரு பொடி வாங்கி வந்தேன். லேபிள் கிடையாது. வாழ்க்கை முழுக்க லேபிள் படித்து மருந்து கொடுத்தவன் நான்! மூன்று வாரத்தில் உடம்பு கண்ணாடி போல ஆனது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். மூன்று மாதத்தில் பொடி தீர்ந்தது. அடுத்த பத்து நாளில் தலை முதல் கால் வரை சிவந்து, தோல் தாள் தாளாக உரிந்து, குளிரில் நடுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஸ்டீராய்டைச் சாப்பிட்டு திடீரென்று நிறுத்தினால் இந்த நோய் பல மடங்காகத் திரும்பும். உடம்பு முழுக்கச் சிவந்து உரிவது உயிருக்கே ஆபத்தான நிலை.

ஸ்டீராய்டு களிம்பு கெட்டது என்று சொல்லவில்லை. டாக்டர் சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரை போட்டால் அது நல்ல மருந்து. முகத்திலும் இடுக்கிலும் மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும். இப்படிப்பட்ட பல களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு பட்டியலில் சேர்த்தது. கடையில் கேட்டால் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. நாம் கேட்காமல் இருக்கலாமே.

சரி, என்னதான் சிகிச்சை? திட்டு கொஞ்சம்தான் என்றால் களிம்பு போதும்: ஸ்டீராய்டு, கால்சிபோட்ரியால், தார் கலந்தது, செதிலை இளக்க சாலிசிலிக் ஆசிட். கூடவே தினமும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ. குளித்த ஈரம் காய்வதற்குள் தடவ வேண்டும். மார்கழியில் கொதிக்கக் கொதிக்கக் குளிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

உடம்பில் பரவியிருந்தால் ஒளி சிகிச்சை உண்டு. புற ஊதாக் கதிரில் 311 நானோமீட்டர் என்ற குறுகிய பகுதியை மட்டும் தரும் கருவி முன் வாரம் இரண்டு மூன்று முறை நிற்க வேண்டும். மாத்திரை எடுக்க முடியாத கர்ப்பிணிகளுக்கும் இதைக் கொடுக்கிறார்கள். அதற்காக மதியம் பீச் ரோட்டில் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காராதீர்கள். வெயிலில் தோல் வெந்தால் வெந்த இடத்திலேயே புதுத் திட்டு வரும்.

அடுத்தது மெத்தோட்ரெக்ஸேட். நான் சாப்பிடுவது இதுதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு உருவாக்கிய அமினோப்டெரின் என்ற மருந்தின் நெருங்கிய உறவு இது. 1951-ல் அமினோப்டெரினை மூட்டுவாதத்துக்குக் கொடுத்தபோது சொரியாசிஸும் அடங்கியதைப் பார்த்தார்கள். விலை குறைந்த, பழகிய மருந்து. ஆனால் தயவுசெய்து கவனியுங்கள்: சொரியாசிஸுக்கு இது வாரத்தில் ஒரு நாள் மருந்து. தினமும் சாப்பிடக் கூடாது. தினம் ஒன்று என்று தவறாகப் புரிந்துகொண்டு வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிரை விட்டவர்கள் உண்டு. எங்கள் வீட்டு தினசரி காலண்டரில் ஒவ்வொரு வியாழனையும் என் மனைவி சிவப்பில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். ஃபோலிக் ஆசிட் எந்த நாளில் என்பதையும் டாக்டரே சொல்லுவார். குறித்த நாளில் ரத்தப் பரிசோதனை. கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. இன்னொன்று, புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது சங்கடம்தான்: மதுவும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் கல்லீரல் தாங்காது. வருத்தப்படுபவர்கள் என்னைத் தனியாக வந்து பாருங்கள்.

இதற்கும் அடங்காவிட்டால் ஊசி மருந்துகள், பயலாஜிக்ஸ் என்பார்கள். நோயைத் தூண்டும் ஒரு புரதத்தை மட்டும் குறிபார்த்துத் தடுப்பவை. பெங்களூரு பயோகான் நிறுவனத்தின் இடோலிசுமாப் 2013-ல் இந்தியாவில் சொரியாசிஸுக்கு வந்தது. பலன் நன்றாக இருக்கிறது, விலைதான் கண்ணைக் கட்டுகிறது. இந்த வகை ஊசி போடுமுன் மறைந்திருக்கும் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பது நம் நாட்டில் அவசியம்.

சித்தத்தில் இதற்குக் காளாஞ்சகப்படை என்று பெயர். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகும். அந்தத் தைலத்தை நானும் தடவுகிறேன். செதில் இளகுகிறது, அரிப்பு குறைகிறது. சித்த மருத்துவம் வேண்டுமென்றால் நம் ஊரிலேயே மத்திய அரசின் சித்த மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, படித்த மருத்துவரைப் பாருங்கள். லேபிள் இல்லாத பொடி மட்டும் வேண்டாம். இந்த மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தத் தைலம் என்று நீங்களே முடிவு செய்யவும் வேண்டாம்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். கோரிமேடு ஜிப்மரில் தோல் மருத்துவத் துறை இருக்கிறது. கூட்டம் அதிகம், காலையிலேயே போய்விடுங்கள். போகும்போது இரத்த அழுத்தம், மனநோய், மலேரியா என்று எதற்குச் சாப்பிடும் மாத்திரையையும் காட்டுங்கள். அவற்றில் சில இந்த நோயைக் கிளப்பும். காலையில் எழுந்ததும் விரல் மூட்டு வீங்கி விறைப்பாக இருந்தாலோ நகத்தில் ஊசி குத்தியது போலக் குழிகள் இருந்தாலோ மறக்காமல் சொல்லுங்கள். சொரியாசிஸ் மூட்டையும் பிடிக்கும். மூட்டு ஒருமுறை கெட்டால் திரும்பாது, தோல் திரும்பும்.

முழுக்கக் குணமாகுமா என்று ஒரு மேடம் கையைத் தூக்குகிறார். இன்றைய தேதிக்கு இல்லை. அடங்கும். வருஷக்கணக்கில் தடமே இல்லாமல் அடங்கியிருப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு முழங்கையிலும் தலையிலும் கொஞ்சம் மிச்சம், அவ்வளவுதான்.

அந்த அம்மாவை நிறுத்திய இரண்டு வீடுகளில் ஒரு வீட்டில் போன வாரம் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த வீட்டுக்காரர்கள் இங்கே இருக்கிறார்கள், நன்றி. இன்னொரு வீட்டின் பதிலுக்கு அவர் காத்திருக்கிறார். நீச்சல் குளம் விஷயம்: குளோரின் தண்ணீர் என் தோலை வறட்டும், அதனால் குளித்து முடித்ததும் நல்ல தண்ணீரில் அலசி எண்ணெய் தடவ வேண்டும். உங்களுக்கு அதனால் ஒன்றும் வராது. நாளைக் காலை ஆறரைக்கு இறங்குகிறேன்.

போண்டா வந்துவிட்டது. மற்ற கேள்விகளை அங்கே கேளுங்கள்.