அடக்கி வாசித்த கலைஞர்

(வெள்ளி விழா இசை மாலையில் ஆற்றிய உரை)

 

இந்த இசை மாலையில் ஓர் இசைக் கலைஞரைப் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்தார்கள். நாங்கள் மேடைப் பேச்சாளர்கள் அல்லர். இசைப் புலவர்களும் அல்லர். ஜாஸ் என்னும் அமெரிக்க இசையைப் பல்லாண்டுகளாகக் கூடிக் கேட்டு மகிழ்கின்ற வெறும் ரசிகர்கள். ஆகவே நாங்கள் பேசப்போவதும் ரசிகர் பேச்சுத்தான். எங்கள் உள்ளம் கவர்ந்த கித்தார்க் கலைஞர் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஜிம் ஹால்.

"அடக்கி வாசி" என்று நம் ஊரில் ஒருவனைப் பார்த்துச் சொன்னால் அது பாராட்டு ஆகாது. "வாலை ஆட்டாதே, பேசாமல் இரு" என்பதே அதன் பொருள். பயந்தவனுக்கும் இயலாதவனுக்கும் உரிய சொல்லாக அதை ஆக்கிவிட்டோம். ஆனால் ஜிம் ஹால் என்ற மனிதர் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் பெரிய மேடைகளில் அடக்கியே வாசித்தார். அச்சத்தால் அல்ல; இயலாமையாலும் அல்ல. தம் பக்கத்தில் நிற்பவர் வாசிப்பது தமக்கும் கேட்க வேண்டும், சபைக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக. இந்த ஒரு கருத்தையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ஜாஸ் இசை பழக்கமில்லாதவர்களுக்காக ஓரிரு சொற்கள். பெரும்பாலும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் மெட்டை முதலில் வாசிப்பார்கள். பிறகு அந்த மெட்டுக்கு அடியில் ஓடும் சுரக் கொத்துகளை, அதாவது கார்டுகளை, ஆதாரமாகக் கொண்டு ஒவ்வொருவரும் முறை வைத்துத் தம் கற்பனையை விரிப்பார்கள். ஒருவர் விரிக்கும்போது மற்றவர்கள் தாங்க வேண்டும். நம் கச்சேரிகளில் மனோதர்மமும் பக்கவாத்தியமும் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஜாஸில் இந்த நிமிடம் பக்கவாத்தியமாக இருப்பவரே அடுத்த நிமிடம் முன்னணிக் கலைஞராகி விடுவார்.

அந்த மேடையில் கித்தார் நெடுங்காலம் தாங்குகிற வேலையையே செய்து வந்தது. கவுண்ட் பேஸியின் இசைக்குழுவில் 1937-ல் சேர்ந்த ஃபிரெடி கிரீன், 1987-ல் தாம் இறக்கும்வரை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், தனி வாசிப்பை நாடாமல் தாளத்தைத் தாங்குவதையே தம் தொழிலாகக் கொண்டிருந்தார். மின் கித்தார் வந்தபின் நிலைமை மாறிற்று. சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் 1939 முதல் பென்னி குட்மனின் குழுவில் கித்தாரைத் தனிக்குரலாக ஒலிக்கச் செய்தார். 1942-ல், இருபத்தைந்து வயதிலேயே, காசநோய் அவரைக் கொண்டு போயிற்று. ஆனால் அவர் விதைத்த விதை முளைத்தது.

1930-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் அமெரிக்காவின் பஃபலோ நகரில் பிறந்த ஜிம் ஹால், கிளீவ்லாந்து நகரில் வளர்ந்தார். பத்து வயதில் கிறிஸ்துமஸ் பரிசாகத் தாயார் ஒரு கித்தார் வாங்கிக் கொடுத்தார். பதின்மூன்றாம் வயதில் சார்லி கிறிஸ்டியன் வாசித்த 'கிராண்ட் ஸ்லாம்' இசைத்தட்டைக் கேட்டார். சிறிய வாசிப்புத்தான், ஆயினும் அந்தச் சிறுவனின் வாழ்க்கைப் பாதையை அதுவே வகுத்தது. பின்னர் கிளீவ்லாந்து இசைக் கல்லூரியில் முறையாகப் பயின்று 1955-ல் பட்டம் பெற்று, லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குச் சென்று சிக்கோ ஹாமில்டன் குழுவில் சேர்ந்தார்.

அடுத்து அவர் சேர்ந்த இடம் ஜிம்மி ஜுஃப்ரியின் மூவர் குழு. ஒரு கட்டத்தில் அக்குழுவில் இருந்தவை சாக்சபோன் அல்லது கிளாரினெட், டிராம்போன், கித்தார் ஆகியவை மட்டுமே. டிரம்ஸ் இல்லை, பாஸ் இல்லை. தாளத்தைப் பிடித்து வைக்க ஆளே இல்லாத மேடை! அங்கே ஒவ்வொருவரும் மற்ற இருவரையும் கூர்ந்து கேட்டால்தான் இசை நிற்கும். ஒருவர் தம் பாட்டில் போனால் மூவரும் விழுவார்கள். மூச்சு விட்டு ஊதுகிற இருவருக்கு நடுவே நரம்புக் கருவி வாசித்த ஹால், தம் கித்தாரும் மூச்சு விடும்படி வாசிக்கப் பழகினார். 1958-ல் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் இம்மூவர் வாசித்த காட்சி, 'ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே' என்ற திரைப்படத்தின் தொடக்கத்தில் இன்றும் காணக் கிடைக்கிறது.

அன்பர்களே, கேட்பதும் ஒரு கலை. வள்ளுவப் பெருந்தகை கேள்விக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார் அல்லவா? ஜிம் ஹாலின் கலையை ஒரே சொல்லில் கூறு என்றால் நாங்கள் 'கேள்வி' என்றே கூறுவோம்.

1962-ஆம் ஆண்டு அதற்குச் சான்றாக இரண்டு இசைத்தட்டுகளைத் தந்தது. முதலாவது, சோனி ராலின்ஸின் 'தி பிரிட்ஜ்'. ராலின்ஸ் சாக்சபோன் உலகின் பெருவீரர். புகழின் உச்சியில் இருந்தபோதே 1959-ல் மேடையை விட்டு விலகி, நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின்மீது நின்று தன்னந்தனியாகச் சாதகம் செய்தவர். திரும்பி வந்ததும் அவர் தம் குழுவில் பியானோவை வைத்துக்கொள்ளவில்லை. ஜிம் ஹாலின் கித்தாரை வைத்துக்கொண்டார். ஏன் என்பது தட்டைக் கேட்டால் விளங்கும். ராலின்ஸின் வாசிப்பு மலையருவி போன்றது. ஹால் அதற்குக் குறுக்கே அணை கட்டவில்லை. இரண்டு சுரம், மூன்று சுரம் என்று படிக்கல் போட்டுக்கொண்டே போகிறார். ஆறு நரம்புகளையும் ஒருசேர மீட்டினால் இடம் அடைபட்டு விடும் என்று அவருக்குத் தெரியும். அடிச்சுரத்தைப் பாஸ் வாசிப்பவருக்கு விட்டுவிட்டு, கார்டின் நிறத்தைக் காட்டப் போதுமான சுரங்களை மட்டும் தருகிறார்.

இரண்டாவது தட்டு பில் எவன்ஸுடன் வாசித்த 'அண்டர்கரண்ட்'. பியானோவும் கித்தாரும் மட்டும். வேறு எவரும் இல்லை. இரண்டுமே கார்டு வாசிக்கும் கருவிகள். ஒரே அடுக்களையில் இரண்டு சமையற்காரர்கள் நின்றால் என்ன ஆகும் என்பது நம் தாய்மார்களுக்குத் தெரியும். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. 'மை ஃபன்னி வாலண்டைன்' என்ற பாட்டைப் பிறர் மெதுவாக வாசிப்பது வழக்கம். இவர்கள் விரைவாக எடுக்கிறார்கள். எவன்ஸ் கற்பனை விரிக்கும்போது, ஹால் பழைய ஃபிரெடி கிரீன் போல ஒவ்வொரு தட்டுக்கும் மெல்ல மீட்டித் தாளத்தைத் தாங்குகிறார். கேட்பவர் காதில் டிரம்ஸ் இருப்பது போன்ற மயக்கம்! ஹால் முன்னே வரும்போது எவன்ஸ் ஒதுங்கி வழி விடுகிறார். யார் தலைவர், யார் துணைவர் என்று சொல்ல முடியவில்லை. இதைவிடச் சிறந்த இருவர் உரையாடலை நாங்கள் கேட்டதில்லை.

இவ்வளவு நல்ல கலைக்கு நல்ல காலம் பிறந்ததா என்றால், இல்லை. அறுபதுகளின் நடுவில் ராக் இசையின் பேரொலி உலகை ஆட்கொண்டது. ஜாஸ் கலைஞர் பலருக்குப் பிழைப்பே கேள்விக்குறியாயிற்று. ஜிம் ஹாலும் குடிப்பழக்கத்தோடு போராட வேண்டியிருந்தது. இரவு விடுதிகளில் வாசிக்கும் வாழ்க்கை அதற்கு உதவுமா? அவர் மெர்வ் கிரிஃபின் தொலைக்காட்சி நிகழ்ச்சியின் இசைக்குழுவில் மாதச் சம்பளக்காரர் போல அமர்ந்து வாசித்தார். 1965-ல் மணம் புரிந்து, குடும்ப வாழ்வில் ஊன்றி, அந்தப் பழக்கத்தினின்றும் மீண்டார். உரக்க வாசித்தால்தான் காசு என்று உலகம் சொன்ன வேளையில் அவர் தம் கைப்பக்குவத்தை மாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் மதிப்பில் அவர் உயர்ந்து நிற்பது இங்கேதான்.

எழுபதுகளில் அவர் மீண்டும் முன்னே வந்தார். 1972-ல் ரான் கார்ட்டரின் பாஸ் ஒன்றையே துணையாகக் கொண்டு வாசித்த 'அலோன் டுகெதர்', சபையோர் முன்னிலையில் பதிவானது. 1975-ல் வெளிவந்த 'கான்சியெர்ட்டோ' அவரைப் பலர் வீட்டுக்குள் கொண்டு சேர்த்தது. ஸ்பெயின் நாட்டில், குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்த ஹோவாகின் ரோத்ரிகோ 1939-ல் கித்தாருக்காக இயற்றிய புகழ்பெற்ற இசையின் நடுப்பகுதியை எடுத்து, சுமார் பத்தொன்பது நிமிடம் வாசிக்கிறார்கள். செட் பேக்கரின் டிரம்பெட், பால் டெஸ்மண்டின் சாக்சபோன், ரோலண்ட் ஹானாவின் பியானோ என்று ஒவ்வொன்றும் முறை வைத்து வருகின்றன. தட்டின் மேல் இருப்பது ஹாலின் பெயர். ஆனால் எவரும் எவரையும் முந்தவில்லை.

அதே 1975-ல் கனடாவின் டொராண்டோ நகரில் டான் தாம்ப்சன், டெர்ரி கிளார்க் இருவருடன் சில இரவுகள் வாசித்தார். அப்பதிவு 'ஜிம் ஹால் லைவ்' என்று வெளிவந்து ரசிகர்களின் வேதப்புத்தகம் போலாயிற்று. அந்த இரவுகளில் பதிவான மற்ற வாசிப்புகள் பெட்டியில் கிடந்தன. 2012-ல், ரசிகர்கள் முன்பணம் செலுத்தி ஆதரிக்கும் முறையில் இயங்கும் ஒரு வெளியீட்டாளர் வழியாக அவை வெளிவந்தன. முப்பத்தேழு ஆண்டு கழிந்தபின்னும் கேட்க ஆள் இருந்தது என்றால், அடங்கிய குரலின் ஆயுளைப் பாருங்கள்!

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். "ரசனை மிக்கவர் என்று சொல்வதெல்லாம் வேகம் இல்லாதவருக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசுதானே?" என்று கேட்பவர்கள் ஜாஸ் ரசிகர்களுக்குள்ளேயே உண்டு. எங்களுக்குள்ளும் இந்த வழக்கு நடந்ததுண்டு. விடை தட்டிலேயே இருக்கிறது. 'தி பிரிட்ஜ்' என்ற தலைப்பு இசை மின்னல் வேகத்தில் ஓடுவது. ஹால் தளராமல் உடன் ஓடுகிறார். டொராண்டோ பதிவில் 'தி வே யூ லுக் டுநைட்' கேளுங்கள். கை ஓடும், ஆனால் ஓடியதைக் காட்டுவதற்காக ஓடாது. ஒரு சிறு துணுக்கை எடுப்பார், திருப்புவார், இடம் மாற்றி வைப்பார், நடுவே நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் அடுத்து என்ன வரும் என்று நம் மனமும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கும். கைவசம் நூறு சுரம் இருந்தும் பத்தைத் தேர்ந்தெடுப்பவனே ரசனை உள்ளவன். பத்தே தெரிந்தவன் பத்து வாசித்தால் அதற்குப் பெயர் வேறு.

மின் கித்தார் வைத்திருந்தும் ஒலிபெருக்கியைத் தாழ்த்தியே வைப்பது அவர் வழக்கம். நரம்பின் இயல்பான ஒலியும், அதை மீட்டும் விரலின் தன்மையும் மறையாதிருக்க அதுவே வழி. இன்னொரு பயனும் உண்டு. மேடையில் ஒலி தாழ்ந்தால் சபை தானாகவே அமைதியாகும். பின்வரிசையில் இருப்பவர்களும் செவியை முன்னே நீட்டுவார்கள்.

அடக்கம் என்றவுடன் பழமையிலேயே தேங்கியவர் என்று எண்ணிவிட வேண்டாம். முதுமை ஏற ஏற அவருக்குத் துணிவும் ஏறிற்று. 1997-ல் வெளிவந்த 'டெக்ஸ்சர்ஸ்' இசைத்தட்டுக்காகப் பித்தளை வாத்தியங்களுக்கும் வயலின் குடும்பத்துக்கும் தாமே இசை இயற்றினார். தம்மிடம் பயின்ற பில் ஃபிரிசெல், தம்மைப் போற்றி வளர்ந்த பாட் மெத்தீனி போன்ற இளையவர்களுடன் சரிசமமாக அமர்ந்து வாசித்தார். 2004-ல் அமெரிக்க நாட்டின் தேசியக் கலை நிதியம் அவருக்கு 'ஜாஸ் மாஸ்டர்' என்னும் உயர்ந்த விருதை வழங்கிற்று.

2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எண்பத்திரண்டு வயதில் மறுபடியும் நியூபோர்ட் விழா மேடை ஏறினார். அங்கே முதன்முதல் படம் பிடிக்கப்பட்டு ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. பக்கத்தில் ஜூலியன் லேஜ் என்ற இருபத்தைந்து வயது கித்தார்க் கலைஞர். பேரன் வயதுப் பிள்ளை வாசிக்கும்போதும் கிழவர் அதே கவனத்தோடு கேட்டுத் தாங்கினார். அவ்வாண்டு டிசம்பர் 10-ஆம் நாள் நியூயார்க்கில், தம் இல்லத்தில், எண்பத்து மூன்றாம் வயதில் காலமானார்.

பாடற்குழுவில் கித்தார் ஏந்தும் தம்பிமாரே, தங்கைமாரே! உங்களுக்கு அறிவுரை கூற எங்களுக்குத் தகுதி இல்லை. ரசிகர் என்ற முறையில் ஒரு வேண்டுகோள் மட்டும். ஜிம் ஹாலின் வாசிப்பு இன்று கைபேசியிலேயே கிடைக்கிறது. முதல் முறை அவரைக் கேளுங்கள். இரண்டாம் முறை அவரை விட்டுவிட்டு, அவரோடு வாசிப்பவரைக் கேளுங்கள். அந்த மற்றவர் எவ்வளவு தெளிவாக, எவ்வளவு அழகாகக் கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். அந்த அழகில் பாதி ஜிம் ஹால் கொடுத்தது. இசைத்தட்டின் அட்டையில் அதற்கென்று ஒரு வரியும் இராது. கேட்டுத்தான் அறிய வேண்டும்.