பட்டியல் எங்கே, பெரியப்பா?

(தலைப்பு: குடும்பத்துக்குக் கைகொடுப்பது துணிச்சலா? சட்ட அறிவா? ‘சட்ட அறிவே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, எதிரணித் தங்கச்சி என்னமா ஆவேசமாப் பேசினாங்க! ‘போலீஸ் வந்து பீரோவைத் திறன்னா, நெஞ்சை நிமிர்த்திக் குறுக்கே நில்லுங்க’ன்னாங்க. நீங்களும் கை தட்டினீங்க. நான் பயந்துட்டேன், யாராவது வீட்டுக்குப் போய் அப்படியே செஞ்சிடப் போறீங்களேன்னு! (சிரிப்பு) கடமையைச் செய்கிற அரசு ஊழியரைத் தடுத்தால் அதுவே தனி வழக்கும்மா. பீரோவிலே ஒண்ணும் இல்லேன்னாலும் நீங்க ஸ்டேஷன்லே இருப்பீங்க.

எங்க பெரியப்பா ஒருத்தர். மளிகைக் கடை. மீசையைப் பார்த்தாலே கடன் வாங்கினவன் எதிர்ச்சாரியிலே போயிடுவான். துணிச்சலுக்கு அவர்தான் இலக்கணம். மாடியிலே குடியிருந்த பையன் மேலே ஒரு திருட்டு வழக்கு. ஒரு நாள் விடியற்காலையிலே போலீஸ் வந்து மாடி, கீழ் வீடு, கடை எல்லாத்தையும் புரட்டினாங்க. பெரியப்பா விட்டாரா? ‘நான் யார் தெரியுமா?’ன்னு முக்கால் மணி நேரம் கத்தினார். தெருவே கூடிடுச்சு. வந்தவங்க அமைதியா வேலையை முடிச்சு, கடையின் பற்று வரவு நோட்டையும் சேர்த்து எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

பையன் வழக்கை விடுங்க. ஒரு மாசம் கழிச்சு நோட்டைத் திருப்பிக் கேட்கப் போனார். அங்கே இருந்தவர் கேட்டது ஒரே கேள்விதான்: ‘எடுத்ததா எதிலேயாவது எழுதியிருக்கா?’

இல்லையே! ஊரிலே பாதிப் பேர் கடன் அந்த நோட்டிலே. அன்னிக்குப் பெரியம்மா கேட்டாங்க, ‘அவ்வளவு நேரம் கத்தினீங்களே, ஒரு காகிதம் கேட்டீங்களா?’ன்னு. (கைதட்டல்)

அந்தக் காகிதம் சலுகை இல்லை ஐயா, சட்டம். 1973ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 100ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம். பேரு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. வாயிலே நுழைய எனக்கே பத்து நாள் ஆச்சு. (சிரிப்பு) அதிலே 103. வழக்குக்குச் சம்பந்தமில்லாத, அக்கம்பக்கத்தைச் சேர்ந்த இரண்டு பேரையாவது சாட்சியாக வைத்துக்கொண்டுதான் வீட்டைச் சோதிக்கணும். வீட்டுக்காரர் கூட இருந்து பார்க்கலாம். எடுத்த பொருள் என்ன, எங்கே இருந்ததுன்னு பட்டியல் போட்டு, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வீட்டுக்காரர் கையிலே கொடுக்கணும். பெண்ணைச் சோதிக்கணும்னா பெண்தான், அதுவும் கண்ணியமா. புதுச் சட்டம் இன்னொண்ணும் சேர்த்திருக்கு. 105ஆம் பிரிவுப்படி, பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குகிற வரைக்கும் வீடியோ எடுக்கணும்.

‘வாரண்ட் இல்லாம வரலாமா?’ தாமதிச்சா பொருள் கிடைக்காதுங்கிற அவசரம்னா வரலாம். ஆனா எதைத் தேடுகிறோம், ஏன் தேடுகிறோம்னு அந்த அதிகாரி எழுதி வெச்சிருக்கணும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள்ளே மாஜிஸ்திரேட்டுக்குப் போகணும். மனுப் போட்டா உங்களுக்கும் காசில்லாமக் கிடைக்கும்.

போதைப் பொருள் சட்டத்திலே 50ஆம் பிரிவுன்னு ஒண்ணு. உடம்பைச் சோதிக்கும் முன்னே, ‘கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னாலே சோதியுங்க’ன்னு கேட்கிற உரிமை உண்டு. கையிலே இருக்கிற பைக்கு அது பொருந்தாதுன்னு 2005லே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதனாலே ரயிலிலே யாராவது ‘இதைக் கொஞ்சம் பார்த்துக்குங்க’ன்னு பையைக் கொடுத்தா, வேண்டாம் சாமி!

‘சோதனை முறையா நடக்கலேன்னா வழக்கே நிக்காதே’ன்னு எதிரணி வக்கீல் தம்பி சொல்வார். அப்படி இல்லை தம்பி. முறை தவறிய சோதனையிலே கிடைச்ச பொருளையும் சாட்சியமா ஏத்துக்கலாம்னு 1973லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. பிறகு பார்த்துக்கலாம்னு இருக்க முடியாது. அந்த இடத்திலேயே கேட்கணும், குரல் உசத்தாம: ‘ஐயா, தாராளமாப் பாருங்க. பட்டியல் ஒரு காப்பி கொடுத்துட்டுப் போங்க.’

மதுரையிலே கோவலன் கையிலிருந்த சிலம்பை யாரும் உடைச்சுப் பார்க்கலே. உள்ளே முத்தா, மாணிக்கமான்னு கேட்கலே. கேட்க வெச்சவள் கண்ணகி. எப்போ? புருஷன் உயிர் போன பிறகு! (பலத்த கைதட்டல்)

மணி அடிச்சிட்டீங்க, நடுவர் அவர்களே. பெரியப்பா கதையை முடிச்சிடறேன். நோட்டு கடைசி வரைக்கும் வரலை. கடன்காரங்க அதுக்கப்புறம் எதிர்ச்சாரியிலே போகலே. கடை வாசல்லேயே நின்னு, ‘சௌக்கியமா அண்ணாச்சி?’ன்னு கேட்டுட்டுப் போனாங்க. (சிரிப்பு)