கேமரா பதிவுக்குத் தனிக் கணினி



ஆட்டுக்கொட்டகைக்கும் வீட்டு வாசலுக்கும் கேமரா மாட்டக் கடன் வேணும்னு பல குழுக்களில் கேட்கிறீங்க. நாங்க செய்த தப்பை முதலில் சொல்லிடறோம். நம்ம அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற கணினியிலேயே கேமரா பதிவையும் போட்டிருந்தோம். சாயங்காலம் வழக்கம்போல கணினியை அணைத்துவிட்டுக் கிளம்புவோம். ஒருநாள் ராத்திரி தையல் மெஷின் திருடு போச்சு. காலையில் பார்த்தால் ஒரு படமும் பதிவாகலை!

அதனால் பதிவுக்கென்று ஒரு கணினி தனியா இருக்கணும். பழசே போதும், ஆனால் மின்சாரம் அதிகம் இழுக்கக் கூடாது. 50 வாட் என்றாலே நாளுக்கு 1.2 யூனிட். ஹார்ட் டிஸ்க் மட்டும் புதுசா, கேமரா பதிவுக்கென்றே விற்பதைக் கேட்டு வாங்குங்க. வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு கேமராவுக்கு நாளுக்குச் சுமார் 21 ஜிபி ஆகும். 4 கேமரா என்றால் 1 டெராபைட் 11 நாள்தான் தாங்கும். கணினியை உள்ளறையில் வையுங்க. வாசலில் வைத்தால் திருடன் அதையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போவான். கரண்ட் போய் வந்தால் தானாகவே ஓடுதான்னு கடைக்காரர் முன்னாலேயே ஒருதடவை பிளக்கைப் பிடுங்கிச் சொருகிப் பாருங்க.