தோழன் சொன்னால் கேட்பான்

(பெங்களூருவில் ஒரு படிப்பு மையத்தில் ஆற்றிய உரை)



நேற்று மாலை இங்கே வந்தபோது ஒரு அம்மா என்னை நிறுத்தினார். "எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தீர்கள். சந்தோஷம். என் பையன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான். சந்து முனையிலேயே நிற்கிறான். அவனுக்கு யார் சொல்லிக் கொடுப்பது?" என்று கேட்டார். இன்று வேறு விஷயம் பேசுவதாக இருந்தேன். அது அடுத்த வாரம் ஆகட்டும்.

முதலில் என் வீட்டுக் கதை. என் அக்கா மகனுக்கு அப்போது 14 வயது. கணக்கில் மார்க் குறைந்தது. பள்ளிக்கூடம் போவதாகச் சொல்லிவிட்டு மார்க்கெட் பக்கம் சுற்றினான். ஒரு நாள் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவன் அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டுப் பெரியவர், நான் என்று நான்கு பேர் அவனை உட்கார வைத்தோம். ஒரு மணி நேரம் புத்தி சொன்னோம். அவன் தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். "புரிந்ததா?" என்று கேட்டோம். "புரிந்தது" என்றான். மறுநாள் காலையில் அவன் பாய் காலியாக இருந்தது.

போலீசில் சொன்னோம். சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போனோம். கிடைக்கவில்லை. எங்கள் தெரு சைக்கிள் கடையில் 20 வயது இளைஞர் ஒருவர் வேலை செய்தார். அவரும் சின்ன வயதில் வீட்டில் கோபித்துக்கொண்டு ரயில் ஏறி இந்த ஊருக்கு வந்தவர். "ஓடிப்போன பையன் ராத்திரி எங்கே படுப்பான் என்று எனக்குத் தெரியும்" என்றார். மூன்றாம் நாள் இரவு மெஜஸ்டிக் பேருந்து நிலையத்தில் அவனைக் கண்டார். அடிக்கவில்லை. திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். தான் ஓடி வந்த கதையைச் சொன்னார். பொழுது விடிந்தது. "வீட்டுக்குப் போகலாம் அண்ணா" என்று பையனே சொன்னானாம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. நாங்கள் நால்வரும் பேசினோமே தவிர, அவன் ஒரு வார்த்தை பேச இடம் கொடுக்கவில்லை.

இந்த வழி நம் ஊருக்குப் புதிது அல்ல. 1980இல் பெங்களூரு கிறிஸ்து ஜோதி கல்லூரி மாணவர்கள் சிலர் தெருவில் தங்கும் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். "எங்களிடம் வா" என்று கூப்பிடவில்லை. பிள்ளைகள் இருந்த இடத்துக்கே போய் உட்கார்ந்து பேசினார்கள். அப்படிப் பிறந்ததுதான் போஸ்கோ என்ற அமைப்பு. 'பெங்களூரு ஓணியவர சேவா கூட்ட' என்பது அதன் கன்னடப் பெயர். ஓணி என்றால் சந்து. ரயில் நிலையத்தில் புதிதாக வந்து இறங்கும் பிள்ளையைத் தவறான ஆள் பார்ப்பதற்கு முன்னால், நல்ல ஆள் பார்க்க வேண்டும். அந்த முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

பிள்ளைகளே சங்கம் வைத்ததும் கர்நாடகத்தில் நடந்தது. வேலைக்குப் போகும் பிள்ளைகள் 1990இல் 'பீமா சங்க' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். பெங்களூருவின் 'கன்சர்ன்ட் ஃபார் ஒர்க்கிங் சில்ட்ரன்' என்ற அமைப்பு அவர்களுக்குத் துணையாக நின்றது. 1996இல் குந்தாபுரத்தில் ஒரு கூட்டம் நடந்தது. 33 நாடுகளிலிருந்து வேலை செய்யும் பிள்ளைகள் வந்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது காசு அல்ல. எங்கள் பிரச்சினையையும் எங்கள் யோசனையையும் எங்கள் சங்கத்தையும் மதியுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

அரசும் இதை ஏற்றுக்கொண்டது. 2014இல் மத்திய அரசு 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்காக ஒரு நலத் திட்டம் தொடங்கியது. அதில் 'சாத்தியா' என்று ஒரு பொறுப்பு உண்டு. இந்தியில் சாத்தி என்றால் கூட வரும் தோழர். சாப்பாடு, மாதவிலக்கு, மனக் கவலை, போதை எல்லாவற்றையும் பற்றி அதே வயதுக்காரரே தன் வயதுக்காரரிடம் பேசுவார்.

சரி, நம் சந்தில் யாரைத் தேர்ந்தெடுப்பது? நாம் உடனே முதல் மார்க் வாங்கும் பையனைக் காட்டுவோம். அவனைக் கண்டதும் சந்து முனைப் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள்! தடுமாறி விழுந்து எழுந்தவர் வேண்டும். 18, 20 வயது இருந்தால் நல்லது. ரகசியத்தைக் காப்பாற்றத் தெரிய வேண்டும்.

இதில் ஆபத்தும் உண்டு. பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் துணியில் நனைத்து "முகர்ந்து பார்" என்று நீட்டுகிறவனும் தோழன்தான். ஆகவே, அந்த அண்ணனுக்கோ அக்காவுக்கோ பின்னால் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். எல்லாப் பாரத்தையும் இளையவர் தலையில் வைக்கக் கூடாது. ஒரு பிள்ளையிடம் யாராவது தவறாக நடந்தாலோ, 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் பேசினாலோ, உடனே 1098 எண்ணைக் கூப்பிட வேண்டும். காசு கிடையாது. இரவிலும் எடுப்பார்கள். மனம் உடைந்து "சாகப் போகிறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் 14416 என்ற எண் இருக்கிறது. போதைப் பழக்கத்துக்கு நம் ஊர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலேயே தனிப் பிரிவு உண்டு.

பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். பையன் சந்து முனையில் நிற்கிறான், அதனால் கண்ணில் படுகிறான். பள்ளியை விட்ட பெண் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் இருக்கிறாள். நாம் அதை "பொறுப்பான பெண்" என்று பாராட்டுகிறோம். அவளுக்கும் ஒரு அக்கா வேண்டும். அந்த அக்கா வீட்டுக்கே போக வேண்டும். குழாயடியில் தண்ணீர் பிடிக்கும் நேரத்தில் பேசலாம்.

என் அக்கா மகன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். பழைய பள்ளிக்குத் திரும்பவில்லை. அதில் என் அக்காவுக்கு இன்றும் வருத்தம்தான். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது ஆனவர்கள் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். அதில் சேர்ந்தான். கணக்கில் ஒரு முறை தோற்று, மறுபடி எழுதித் தேறினான்.

வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு இந்த அறையைப் பிள்ளைகளுக்கு விடுகிறோம். சைக்கிள் கடை அண்ணன் வருகிறார். இப்போது அவருக்குச் சொந்தக் கடை இருக்கிறது. என் அக்கா மகனும் வருகிறான். பெரியவர்கள் யாரும் உள்ளே வர வேண்டாம். நேற்றுக் கேள்வி கேட்ட அம்மா, நீங்களும்தான். பையனை அனுப்பி வையுங்கள். வராவிட்டால் வற்புறுத்தாதீர்கள். அண்ணனே சந்து முனைக்கு வருவார். நீங்கள் டீ மட்டும் போட்டு அனுப்புங்கள்.