திறந்த மென்பொருளும் தோட்டப் பாடசாலையும்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக ஏறிச் செல்லும் பாதை டயகமவை அடைந்ததும் ஊர்கள் முடிந்து விடுகின்றன. அப்பால் ஹோட்டன் சமவெளியின் காடுகள். இப்பாலோ தேயிலைச் சரிவுகள், அவற்றினிடையே லயங்கள், லயத்துப் பிள்ளைகள் நடந்து வரும் பாடசாலைகள். 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்குமுன், ஒரே மண்டபமும் ஒரே ஆசிரியருமே பல தோட்டங்களில் பாடசாலை எனப்பட்டன. அந்நிலையிலிருந்து மலையகக் கல்வி வெகுதூரம் வந்துவிட்டது. எனினும், கணினிக் கல்வி என்னும் புதிய படியில் ஏறும்போது பழைய இடர்ப்பாடு வேறோர் உருவில் எதிர்ப்படுகின்றது.

கணினி என்பது வெறும் பெட்டி. அதனை இயக்கும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். விலைக்கு விற்கப்படும் மென்பொருளை வாங்குவோர், உண்மையில் அதனைப் பயன்படுத்தும் உரிமத்தையே பெறுகின்றனர். உள்ளே எழுதப்பட்டிருப்பதைக் காணவும் திருத்தவும் அவர்க்கு அனுமதியில்லை. படியெடுத்து அயற்பாடசாலைக்குக் கொடுத்தல் குற்றமாகும். இதனை டயகம மக்களுக்கு விளக்க நெடிய உரை வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக லயத்துக் காம்பராவில் வாழ்ந்தவர், அச்சுவரில் ஒரு சன்னல் வைக்கவும் தோட்ட நிருவாகத்தின் உத்தரவை எதிர்பார்த்தவர் அல்லரோ? குடியிருத்தல் ஒன்று, உரிமை மற்றொன்று என்பதை அவர் நன்கறிவர்.

திறந்த மூல மென்பொருள் அவ்வுரிமையையும் சேர்த்தே தருவது. எவரும் அதனைப் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். 1983ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் இக்கொள்கையுடன் ‘குனு’ திட்டத்தை அறிவித்தார். 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் ‘லினக்ஸ்’ என்னும் கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்து பிறந்த இயங்குதளங்களை உலகெங்குமுள்ள தொண்டர்களும் நிறுவனங்களும் வளர்த்து வருகின்றனர். உலகின் அதிவேகக் கணினிகளை இயக்குவதும் லினக்ஸே.

இத்தொண்டில் இலங்கையர்க்கும் பங்குண்டு. 2004 டிசம்பரில் கடற்கோள் இந்நாட்டைத் தாக்கியபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் பதிந்து ஒழுங்குபடுத்த ‘சகானா’ என்னும் திறந்த மென்பொருளை இந்நாட்டுத் தொண்டர்கள் சில நாட்களில் எழுதினர். பின்னர் அது பிற நாடுகளின் இடர்க்காலங்களிலும் உதவியது. ‘ஹந்தானை லினக்ஸ்’ என்னும் தொகுதியையும் இந்நாட்டுத் தொண்டர்களே உருவாக்கி, பாடசாலைகளைக் கருத்திற்கொண்டு வழங்கினர். தமிழகத்திலும் இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் உள்ள ஆர்வலர், ஊதியமின்றி இரவு நேரங்களில் அமர்ந்து, இத்தகைய மென்பொருள்களின் சொற்களைத் தமிழாக்கினர். ‘கோப்பு’, ‘திருத்து’, ‘சேமி’ என்னும் சொற்களைத் திரையில் காணும் பிள்ளை, கணினி தன் மொழியும் அறிந்தது என்று உணர்கின்றது. ஆங்கிலம் கற்றபின்பே கணினி என்னும் தடை அக்கணமே தளர்கின்றது.

ஆயினும், நல்ல பொருள் இருப்பதனால் மட்டும் அது பாடசாலைக்குள் நிலைத்து விடுவதில்லை. இதற்குக் கேரளம் சிறந்த சான்று. டயகமவைப் போன்றே தேயிலையும் தமிழ்த் தொழிலாளரும் நிறைந்த மூணாறு மலைகளும் அம்மாநிலத்தையே சார்ந்தவை. அங்கு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசுப் பாடசாலைகளின் கணினிப் பாடம் ஒரே நிறுவனத்தின் மென்பொருளைச் சுற்றி அமைவதை ஆசிரியர் சங்கத்தினரும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலரும் எதிர்த்தனர். அவ்வெதிர்ப்பு வெறும் முழக்கமாய் நின்றுவிடவில்லை. ஆர்வலர் ஆசிரியர்க்குக் கற்பித்தனர்; கற்ற ஆசிரியர் பிற ஆசிரியர்க்குப் பயிற்றுநராயினர்; பாடநூலும் செய்முறைப் பரீட்சையும் திறந்த மென்பொருளுக்கு மாறின. 2018ஆம் ஆண்டில் மாணாக்கரைக் கொண்டே ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் அமைக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டில், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பாடசாலைக் கணினிகளில் புதிய தொகுதியை நிறுவியதால் உரிமக் கட்டணமாக ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என அங்குள்ள கல்வித்துறையினர் மதிப்பிட்டனர்.

பணம் மிச்சமாவது பெரிதே. அதனினும் பெரிது, பழுது நேர்ந்தால் நகரத்தை எதிர்பாராது தாமே சீர்செய்யும் ஆசிரியர் கூட்டம் ஒன்று உருவானமையாகும். மலைநாட்டுப் பாடசாலைக்கு இன்றியமையாததும் இதுவே.

டயகம போன்ற ஊரில் தொண்டர் செய்யக்கூடியன யாவை? பழைய கணினிகளைக் குப்பையென ஒதுக்காது, குறைந்த ஆற்றலிலும் இயங்கும் இலேசான லினக்ஸ் தொகுதியை அவற்றில் நிறுவலாம். இணைய இணைப்பு தளர்ந்த இடத்தில், ‘கிவிக்ஸ்’ என்னும் மென்பொருளின் துணைகொண்டு தமிழ் விக்கிப்பீடியாவை இணையமின்றியே வாசிக்கச் செய்யலாம். சிறு பிள்ளைகளுக்கு ‘ஜிகொம்பிரி’ போன்ற கல்வி விளையாட்டுகளையும், மேல்வகுப்பினர்க்கு ‘லிப்ரே ஒபிஸ்’ தொகுதியையும் அளிக்கலாம்.

ஆனால் பெற்றோர் ஓர் ஐயத்தை எழுப்பக்கூடும். அலுவலகங்களில் வேறு மென்பொருள் இருக்கையில், இதனைக் கற்ற பிள்ளை வேலைக்குச் சென்று திகைக்காதா? இக்கேள்வியைப் புறக்கணித்தல் தகாது. கடிதம் அமைத்தலும், அட்டவணையில் கணக்கிடுதலும், கோப்பினை ஒழுங்காகப் பேணுதலும் எம்மென்பொருளிலும் ஒரே திறன்களே. பொத்தான் இருக்கும் இடத்தை மட்டும் மனனம் செய்தவன் திகைப்பான். செயலின் காரணத்தை அறிந்தவன் ஒரு வாரத்திற் பழகிக்கொள்வான். ஆதலின் பரீட்சைக்குரிய பாடத்திட்டத்துடன் ஒத்துப் போகும் வகையிற் கற்பித்தல் தொண்டரின் கடமையாகும்.

வேறொரு கடமையும் உண்டு. தொண்டர் ஒரு சனிக்கிழமை வந்து, கணினிகள் அனைத்தையும் தாமே சீர்செய்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு மாலைப் பேருந்தில் திரும்பிவிட்டால், அடுத்த மழைக்காலத்திற்குள் அக்கணினிகள் துணியால் மூடப்பட்டுவிடும். மாறாக, தம் கைகளைக் கட்டிக்கொண்டு, ஓர் ஆசிரியரையும் நான்கு மாணாக்கரையும் அவ்வேலையைச் செய்யவைத்து, தவறும்போது மட்டும் துணைநின்றால், அவர் மீண்டும் வரும்போது அங்குப் புதியதொரு கேள்வி காத்திருக்கும். மூன்றாம் முறை அவர் வராவிடினும் வேலை நடக்கும்.

கொழுந்துக் கூடை சுமந்த தாயின் மகள், கணினியின் உள்ளே எழுதப்பட்டிருப்பதைத் திறந்து வாசித்து, அதில் ஒரு தமிழ்ச் சொல்லின் பிழையைத் திருத்தி அனுப்பலாம். திருத்தம் சரியாயின், உலகெங்கும் அம்மென்பொருளைத் தமிழிற் பயன்படுத்துவோர் அனைவரும் அதனைப் பெறுவர். அதற்கு எந்தத் துரையின் உத்தரவும் வேண்டியதில்லை. அந்த மகளை அவ்விடம்வரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் ஒருவரை உருவாக்குவதே தொண்டர் டயகமவுக்குக் கொண்டு வரத்தக்க கொடையாகும்.